யோபு சொல்லாத சாக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை யோபு கோயில் ஆராதனைக்குப் போகவில்லை. வெள்ளைத்துரையின் அம்பாசடர் காரை அன்று மத்தியானத்துக்குள் ஓட்டிக் கொடுத்தாக வேண்டும். முந்தின நாள் பொழுது சாயும்போதே எஞ்சினைப் பூட்டி முடித்திருந்தான். காலையில் எழுந்து சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நிம்மதியாகப் படுத்தான்.

சாவியைத் திருப்பினான். எஞ்சின் சுழன்றது, ஒரு தடவை இருமியது, அடங்கிவிட்டது. மறுபடி திருப்பினான். அதே இருமல். இன்னும் கொஞ்சம் விடாமல் சுற்றினான். கார்ப்புரேட்டர் வழியாக ஒரு தும்மல் தும்மிவிட்டு எருமை படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது.

தாயில்பட்டியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் சாலையோரத்தில் யோபுவின் தகரக் கொட்டகை இருந்தது. அதை ஒட்டி வீடு. இரண்டுக்கும் பின்னால் ஓர் ஆளுயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் உக்கிரபாண்டியின் காலி மனை. காரின் முகம் சாலையைப் பார்த்து இருந்தது, பின்புறம் ஓர் ஆள் நுழையும் இடைவெளி மட்டும் விட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. கொட்டகை சின்னது, வேறு மாதிரி நிறுத்த இடமில்லை.

யோபுவின் அப்பா பருத்திக்காட்டுக் கூலியாக இருந்து, மழை பொய்த்துப்போய்த் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போனவர். வீட்டில் எல்லோர் விரலிலும் மருந்து வாடை. சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அதே வாடை. யோபுவுக்கு அது ஆகவில்லை. மீசை அரும்பும் முன்பே விருதுநகரிலிருந்து பருப்பு மூட்டை ஏற்றிப்போகும் லாரி ஒன்றில் கிளீனராக ஏறிவிட்டான். லாரி படுத்துக்கொண்ட இடங்களில்தான் தொழிலைக் கற்றான். டிரைவர்கள் திட்டினார்கள், அவன் கழற்றினான். அவர்கள் தூங்கினார்கள், அவன் பூட்டினான். ஊருக்குத் திரும்பிக் கொட்டகை போட்டபோது ஒரே ஒரு வைராக்கியம் வைத்துக்கொண்டான். இணைப்புகள் கசியாமல் இருக்க இடையில் வைக்கும் பேக்கிங்கைக் கழற்றினால் திரும்பப் போடுவதில்லை. ஷீட் வாங்கி, அளவு வைத்து, தானே வெட்டி, இணைப்பு ஒவ்வொன்றிலும் புதிதாகத்தான் போடுவான். "ஒழுகுனா எம்பேருதான் ஒழுகும்" என்பான்.

வெள்ளைத்துரையின் காரிலும் அப்படித்தான் செய்திருந்தான். ஹெட்டை இறக்கி வால்வுகளைத் தேய்த்தான். பிஸ்டன் ரிங் மாற்றினான். புகை போகும் குழாய் முழுக்கப் பொத்தலாக இருந்தது. அந்தக் கார் ஊருக்குள் வரும் சத்தத்துக்குத் தெருநாய்கள் முன்கூட்டியே எழுந்து ஒதுங்கும். அதையும் விடவில்லை. பொத்தல்களைப் பற்றவைத்து அடைத்து, இணைப்புகளில் பேக்கிங் வைத்து, காற்றுக்கூடக் கசியாதபடி இறுக்கியிருந்தான்.

இத்தனையும் செய்த பிறகு எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்து வைத்துச் சுற்றிப் பார்த்தான். நீலமாகப் பொறி பறந்தது. பெட்ரோல் வருகிறதா என்று பார்த்தான், கைநிறைய வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து டைமிங் பார்த்தான். சரியாக இருந்தது. சரியாக இருந்ததே அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. வயர்களை இடம் மாற்றிப் பூட்டிவிட்டோமோ என்று விரல் வைத்து எண்ணினான். டேப்பட் இடைவெளிகளை மறுபடி அளந்தான். எதிலும் தப்பில்லை. தப்பு இருந்தால் அதைத் திட்டலாம். தப்பே இல்லாத எஞ்சினை என்னவென்று திட்டுவது? இருந்தாலும் திட்டினான். கோயில் மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்பாசடரின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெள்ளைத்துரை பஸ்ஸை விட்டு இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. பட்டாசுச் சீசன் முடிகிற வரைக்கும் வெளியூர் வியாபாரிகளைக் கம்பெனி கம்பெனியாக ஏற்றிக்கொண்டு போவதுதான் அவருக்குப் பிழைப்பு. அன்று சாயங்காலம் விருதுநகர் ஸ்டேஷனில் நாக்பூர் பார்ட்டி ஒன்று வந்து இறங்குகிறது. கார் போய் நிற்காவிட்டால் பார்ட்டி வேறு காரில் ஏறிவிடும், அதற்குப் பிறகு இவரைத் தேடாது.

"என்ன யோபு, வண்டி ரெடியா? சத்தத்தையே காணோம். புது எஞ்சின் அம்புட்டு அமைதியா?"

"இன்னும் பிடிக்கல துரைண்ணே. செத்த இருங்க."

"பிடிக்கலையா?" வெள்ளைத்துரை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வர்றப்ப ஓடித்தானய்யா வந்துச்சு! புகை அடிக்குதுன்னுதான கொண்டாந்து விட்டேன். இப்பப் புகையும் இல்ல, ஓட்டமும் இல்ல. நல்ல வேலை பாத்திருக்க."

"வேலையில குத்தம் இல்லண்ணே."

"அப்ப எம்மேல குத்தமா? புதுசா ரிங்கைப் போட்டிருக்கேன், இறுக்கமா இருக்கும்னு நேத்து போன்ல சொன்ன. சாமான் வரலைன்னு போன வாரம் சொன்ன. இப்ப என்ன சொல்லப் போற? எத்தனை சாக்குத்தான்யா சொல்லுவ?"

"நான் சாக்குச் சொல்ற ஆளா?" யோபுவின் குரல் உயர்ந்தது.

"ஊர்ல பேசிக்கிறாக. நல்ல சாமானை உருவிக்கிட்டுப் பழசைப் போட்டு அனுப்புற மெக்கானிக்கும் இருக்கான்னு. நான் உன்னையச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

பொதுவாகச் சொன்ன அந்த வார்த்தைதான் யோபுவின் நெஞ்சில் குறிபார்த்து இறங்கியது. இந்தக் காரை வேறு மெக்கானிக் இழுத்துக்கொண்டு போய்த் திறந்து பார்த்து, "யோபு பூட்டுன எஞ்சின்" என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும். அப்புறம் சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரை ஒரு வண்டியும் இந்தக் கொட்டகைக்குத் திரும்பாது. அவனிடம் சொத்தென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

"மத்தியானம் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா சாத்தூருக்குக் கட்டி இழுத்துட்டுப் போயிருவேன்" என்றார் வெள்ளைத்துரை. "பேரு மட்டும் யோபு. வேதத்துல அந்த யோபுக்கு எம்புட்டுப் பொறுமையாம்! உன் மூஞ்சியைப் பாரு, கடுகைப் போட்டா வெடிக்கும்."

ஆராதனை முடிந்து ஞானஜோதி வந்துவிட்டாள். யோபுவின் மனைவி அவள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிறு லீவு. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றியவள், எஞ்சின் மறுபடி இருமி அடங்குவதைக் கேட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. பைபிளைக்கூடக் கீழே வைக்காமல் காரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கணவன் பக்கம் வந்தாள்.

"ஏங்க... அந்தச் சாக்கு..."

யோபு நிமிர்ந்தான்.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? அவருதான் சொல்றாருன்னா, நீயும் நான் சாக்குச் சொல்றேன்னு சொல்றியா?"

"அய்யோ, அது இல்லங்க. சாக்குதான் காரணமோன்னு..."

"போ உள்ள! சாக்காம் சாக்கு! கட்டுனவளே சொல்லிட்டா, அப்புறம் ஊரு சொல்லாதா? போறியா இல்லையா?"

வெள்ளைத்துரை வேறு சிரித்துத் தொலைத்தார். "வீட்டுலயும் தெரிஞ்சிருக்கு பாரு" என்றார். ஞானஜோதி அவர்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். அழுகிற பார்வை இல்லை அது. விறுவிறுவென்று பின்கதவு வழியாகப் பாண்டியின் மனைப்பக்கம் போனாள். அவள் எங்கே போனாள் என்று யோபு பார்க்கவில்லை.

"துரைண்ணே, உள்ள உக்காந்து செல்ஃப் போடுங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க."

வெள்ளைத்துரை சாவியைத் திருப்ப, யோபு கார்ப்புரேட்டரின் வாயில் உள்ளங்கையை வைத்தான். முதல் சுற்றுகளில் எஞ்சின் கையைப் பிடித்து இழுத்தது. நல்ல இழுப்பு. வால்வு, ரிங் எல்லாம் பழுதில்லை என்று அந்த இழுப்பே சொன்னது. ஆனால் சுற்றச் சுற்ற இழுப்புக் குறைந்து, கடைசியில் கையில் ஊத ஆரம்பித்தது.

"நிறுத்துங்க."

இழுத்த காற்று உள்ளேயே தங்குகிறது. போக வழியில்லாமல் வந்த வழியே திரும்புகிறது. பெட்ரோல், பொறி, காற்று என்று உள்ளே போவதையெல்லாம் காலையிலிருந்து பார்த்தான். வெளியே போவதைப் பார்க்கவில்லை.

கார்ப்புரேட்டரிலிருந்து கையை எடுத்தான். புகை வெளியேறும் இணைப்புக்குப் பேக்கிங் வெட்டியது அவன்தான். நேற்று வெட்டும்போது கரண்டு போயிருந்தது. வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வெட்டினான். நடுவில் ஓட்டை போட்டோமா? போட்டதாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகம் நேற்று வெட்டியதா, போன வாரம் வேறு வண்டிக்கு வெட்டியதா? ஓட்டையில்லாத பேக்கிங்கை வைத்துப் பூட்டியிருந்தால், வெள்ளைத்துரை சொன்னது அத்தனையும் உண்மையாகிவிடும். இவ்வளவு நேரம் காரின் மேலும் அவர் மேலும் இருந்த கோபம் அப்படியே திரும்பி அவன் மேலேயே பாய்ந்தது. காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான்.

"இப்ப எங்கய்யா போற?" என்றார் வெள்ளைத்துரை.

"என் வண்டவாளத்தைப் பாக்கப் போறேன்."

எஞ்சினிலிருந்து குழாய் இறங்கும் இணைப்பில் போல்ட்டுகளைத் தளர்த்தினான். புஸ்ஸென்று காற்றுப் போனது. குழாயைக் கொஞ்சம் இறக்கி விரலை விட்டுப் பார்த்தான். ஓட்டை இருந்தது. விளிம்பு பிசிறில்லாமல், அவன் வழக்கமாகப் போடுகிற ஓட்டைதான். பெருமூச்சு விட்டான். ஆனால் அடைப்பு எங்கே? குழாய்க்குள்ளேயேவா?

"ஒரு தடவை போடுங்க" என்றான் அடியிலிருந்து வெளியே வந்து.

வெள்ளைத்துரை சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. குழாய் இறங்கிக் கிடந்ததால் சத்தம் காதைப் பிளந்தது. காருக்கு அடியில் நீலமும் மஞ்சளுமாக நெருப்புத் துப்பியது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வெள்ளைத்துரை வாயெல்லாம் பல்லாக, "பிடிச்சிருச்சுலே!" என்று ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தார்.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!"

ஞானஜோதி வெறுங்காலோடு ஓடிவந்தாள். காருக்குள் கையை விட்டு, வெள்ளைத்துரையின் கையைத் தட்டிவிட்டுச் சாவியை உருவினாள். எஞ்சின் நின்றது.

"ஏய், உனக்குக் கிறுக்கா?" யோபு கத்தினான். "காலையில இருந்து நாயா உழைச்சு இப்பத்தான் பிடிச்சிருக்கு!"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் திரி காயுது."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் வெள்ளைத்துரை காரைவிட்டு இறங்கினார். கதவைச் சாத்தாமல், சத்தம் வராமல், அப்படியே விட்டு இறங்கினார். திரி என்றால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கருமருந்துக் குழம்பில் முக்கி எடுத்த நூல். வெயிலில் காய்ந்து முறுகிய திரிக்கு ஒரு பொறி போதும். லைசென்ஸ் உள்ள இடத்தில் மட்டும் செய்ய வேண்டியதைச் சீசன் சமயத்தில் வீட்டு மனைகளிலும் சிலர் செய்தார்கள். வெடித்த இடங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இந்த அம்பாசடரே சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறது. அதற்கப்புறம் வெள்ளைத்துரை பின்சீட்டு உறையை மாற்றினார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

"எப்பருந்து?" என்றான் யோபு.

"இன்னிக்கு விடியக்காலமே விரிச்சிட்டாக. தண்ணி ஊத்தப் பின்பக்கம் போனேன், பாத்தேன். கோயிலுக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எடுத்துருவேன்னு பாண்டி சத்தியம் பண்ணுனான். உங்ககிட்டச் சொன்னா ஸ்பேனரோட போய் நிப்பீக. அதான் ஈரச்சாக்கைக் கிழிச்சுச் சைலன்சர் வாயில திணிச்சு, குச்சி வச்சுக் குத்திவிட்டுப் போனேன். எங்க கம்பெனியில லோடு வண்டி வந்து நின்னா அப்படித்தான் செய்வோம். பொறி வெளிய வராது."

"நின்ன வண்டிக்குச் செய்வீக! ஓடுற வண்டிக்கு வாயை அடைச்சா மூச்சு எங்க போகும்?"

"எனக்கென்ன தெரியும்? பொறியைத்தான் தடுக்கும்னு நெனச்சேன். வந்ததும் சாக்கு, சாக்குன்னு சொன்னேன்ல? எங்க காதுல விட்டீக?"

யோபு குழாயைத் திரும்பிப் பார்த்தான். பொத்தலாக இருந்த பழைய குழாய் என்றால், வாயை அடைத்தாலும் புகை பொத்தல் வழியாகப் போயிருக்கும், எஞ்சின் ஓடியிருக்கும். அவன் பார்த்துப் பார்த்து அடைத்த வேலைதான் காரை நிறுத்தியிருக்கிறது. வெள்ளைத்துரை பின்பக்கம் போய்க் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே ஆழத்தில் சணல் இழைகள் தட்டுப்பட்டன. விரலை முகர்ந்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு உக்கிரபாண்டி வந்து நின்றான். கைலியை மடித்துக் கட்டிய இளவட்டம். விரல்களில் கருப்பு.

"என்ன யோபுண்ணே, வண்டி ஓடிருச்சா? எடுத்துட்டுப் போங்க. ஒண்ணும் ஆகாது. நடுவுலதான் சுவரு இருக்கே."

"சுவரா?" யோபுவின் கையில் ஸ்பேனர் இருந்தது. "ஏலே, நெருப்புக் கக்குனதைப் பாத்தியா? நான் வண்டிக்கு அடியில கெடந்திருந்தா? எம்பொண்டாட்டி அங்கன நின்னாளே, அவ போயிருந்தா? உம்பொண்டாட்டி?"

"சீசனுண்ணே. எல்லாரும்தான் செய்றாக. நான் மட்டுமா?"

"எல்லாரும் செத்தா நீயும் சாவியாலே? வண்டியைத் தள்ளு."

"எதுக்குண்ணே..."

"தள்ளுலே! இங்கன இனிச் சாவி போடப் போறதில்ல."

குழாயை இறுக்கினாலும் இரும்பும் இரும்பும் உரசிப் பொறி பறக்கும். எனவே இறுக்கவும் இல்லை. அப்படியே கயிற்றால் தூக்கிக் கட்டினான். மூன்று பேருமாகத் தள்ளினார்கள். வெள்ளைச் சட்டையோடு வெள்ளைத்துரையும் தோள் கொடுத்தார். கனமான கார். கொட்டகை வாசல் மேட்டில் ஏற மறுத்தது. யோபு பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினான். பாண்டியை ஒரு கணமும் மூச்சுவிட விடவில்லை. சாலையில் ஏற்றி, நாலைந்து வீடு தாண்டி, வேப்பமரத்துக்கு அப்பால் நிறுத்தினார்கள். அங்கேதான் யோபு குழாயை மாட்டி இறுக்கினான். பின்வாயில் கம்பி வளைத்து விட்டுச் சாக்குத் துண்டை இழுத்தான். கருத்து, நனைந்து, குடல் மாதிரி நீளமாக வந்தது.

சாவி ஒரு திருப்பில் எஞ்சின் பிடித்தது. இப்போது சத்தமே இல்லை. வெள்ளைத்துரை காதைக் கொடுத்துக் கேட்டார்.

"நல்லாத்தான் பூட்டியிருக்க" என்றார். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காத."

"வச்சுக்குவேன் துரைண்ணே. போய்ட்டு வாங்க."

கார் போனது. யோபு ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு பாண்டியின் மனைப்பக்கம் நடந்தான். பாண்டி முன்னால் ஓடி வழியில் நின்று, "அண்ணே, அண்ணே" என்றான். யோபு அவனைத் தள்ளிவிட்டுப் போனான். மனை வாசலில் ஞானஜோதி நின்றிருந்தாள். பின்னால் தரை முழுக்கப் பழைய சேலைகள் விரித்து, வரிவரியாகக் கருப்புத் திரி வெயிலில் கிடந்தது.

"அங்கனயே நில்லுங்க."

"தள்ளிப் போ, ஞானம்."

"தள்ள மாட்டேன். கோவத்தோட வர்ற ஆளை எங்க ஃபோர்மேன் மருந்துப் பக்கம் விட மாட்டாரு. வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தவளைக்கூட, இன்னிக்கு நீ பேக்கிங்குக்குப் போ, மருந்தைத் தொடாதன்னுதான் அனுப்புவாரு. கை நடுங்கும். ஓங்கித் தேய்க்கும். நீங்க செருப்போட நிக்கீக. கையில இரும்பு வச்சிருக்கீக. மொதல்ல அதைக் கீழ வைங்க. போட்றாதீக. வைங்க."

யோபு குனிந்து மண்ணில் ஸ்பேனரை வைத்தான். நிமிர்ந்து பாண்டியைப் பார்த்தான்.

"இவனை நான்..."

"நான் பேசுறேன். நீங்க போங்க. இப்ப இந்த வெயில்ல இதைத் தொடவும் கூடாது. வெயில் தாழட்டும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். அடுப்புப் பத்த வைக்காதீக. பழைய சோறு இருக்கு."

பிறகு பாண்டி பக்கம் திரும்பினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து யோபு கேட்டிராத குரல் அவளிடமிருந்து வந்தது. உரக்கக் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, பாண்டியின் மனைவி பெயரைச் சொல்லி, பிள்ளை பெயரைச் சொல்லி, பாண்டி காலையில் பண்ணிய சத்தியத்தைச் சொல்லித் திட்டினாள். பாண்டி தரையைப் பார்த்தபடி நின்றான். யோபு சாலைக்கு அந்தப் பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்தான். கொட்டகைக்குள் போகவில்லை. எந்தச் சாமானையும் தொடவில்லை. ஒருவன் மோட்டார் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனைப் போகச் சொல்லிக் கையால் விரட்டினான்.

வெயில் தாழ்ந்த பிறகு பாண்டியும் அவன் மனைவியும் திரியைச் சுருட்டிக் கம்பெனி வண்டி ஒன்றில் அனுப்பினார்கள். கடைசிச் சேலையை உதறும் வரை ஞானஜோதி நகரவில்லை. திரும்பி வந்து கல்லின் ஓரத்தில் கணவனோடு உட்கார்ந்தாள்.

"இனிமே அங்கன காய வைக்க மாட்டேங்கான்."

"நம்புறியா?"

"நம்பல. நாளைக்கு விடியக்காலமும் போய்ப் பாப்பேன்."

"நானும் வருவேன்."

"கோவத்தோடயா?"

யோபு வாயைத் திறந்தான். திறந்த வேகத்தில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவற்றின் நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"அப்ப வராதீக" என்றாள் ஞானஜோதி.